வெர்னுக்காகக் கட்டிய கொடி

என் கணவன் ராய்ஸ் எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் என்னை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வீர்கள். எங்கள் ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். வாஷிங்டனில் இரண்டு கூட்டம் இருக்கிறது. ராய்ஸ் ஒன்றில் இருந்தான், எதிர்வீட்டு வெர்ன் மற்றொன்றில் இருந்தான். உங்களுக்கு அது போதும்.

நான் கோரீன். கல்யாணத்துக்கு முன்னால் ஈரி ஏரியில் இரும்புத் தாது ஏற்றிப் போகும் கப்பல்களில் சமையல்காரியாக இருந்தேன். கப்பல் நிறைய ஆண்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டு, அவர்கள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் நான் இரண்டு சொல்லிக் காலம் தள்ளினவள். அப்படிப்பட்டவள் எப்படிடி ஒருத்தனிடம் இத்தனை வருஷம் அடி வாங்கினாய் என்று என் அக்கா கேட்பாள். வாங்கினேன். வாய் இருப்பது வேறு, அடி வாங்குவது வேறு. இது புரியாதவர்களுக்கு உட்கார்ந்து விளக்க எனக்குப் பொறுமை கிடையாது.

என் கணவனின் முழுப்பெயர் ராய்ஸ் ஹகாலா. ஒரு பிளாஸ்டிக் ஆலையில் வேலை பார்த்து முதுகைக் கெடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவன். சும்மா உட்கார்ந்திருக்கலாம். கார் கொட்டகைக்குள் ஒரு கேமராவையும் மைக்கையும் வைத்து, பின்னால் ஒரு மான் தலையை மாட்டி, அன்றாடச் செய்திகளைப் பற்றித் தன் கருத்தை உலகத்துக்குச் சொல்ல ஆரம்பித்தான். ‘ராய்ஸ் சொல்றான் கேளு’ என்று அதற்குப் பெயர். முதலில் அவன் அண்ணனும் தீவனக் கடைக்காரனும் மட்டும்தான் கேட்டார்கள். அப்புறம் ஆயிரக்கணக்கில் கேட்க ஆரம்பித்தார்கள். அவன் புகழ் வளர வளர, எனக்கு விழும் அடியும் வளர்ந்தது.

செய்தி அவன் பக்கத்துக்குச் சாதகமாக வந்தால் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். பாதகமாக வந்தால் என் முறை. செனட்டில் ஒரு மசோதா ஒரே ஓட்டில் தோற்றதற்கு என் மணிக்கட்டு உடைந்தது. ஒரு ஆளுநர் தேர்தலுக்கு இரண்டு பற்கள் போயின. இந்த நாட்டில் அரசியல் செய்தியை என்னைப்போல உன்னிப்பாகக் கேட்ட பெண் இன்னொருத்தி இருந்திருக்க மாட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். யார் ஜெயித்தார்கள் என்பதல்ல என் கவலை, இன்று ராத்திரி எந்த அறையில் படுப்பது என்பதுதான்.

அந்த நவம்பரில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், எல்லோரும் காத்துக்கொண்டிருந்த பெரிய தீர்ப்பு வந்தது. ராய்ஸின் பக்கம் தோற்றது. டிவி முன்னால் சிலையாக உட்கார்ந்திருந்தான். இனி என் முறை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பழக்க தோஷம், தட்டில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

“ஆறுது, சாப்பிடு ராய்ஸ். அந்த ஜட்ஜுங்க எல்லாம் சாப்பிட்டுட்டுத்தான் தீர்ப்பு எழுதியிருப்பாங்க. நீ ஏன் பட்டினி கெடக்குற?”

“என்ன சொன்னே?”

“சாப்பிடச் சொன்னேன்.”

“சிரிச்சே.”

“இல்ல.”

“சிரிச்சேடி. என் வீட்டுல, என் சோத்தத் தின்னுட்டு, அவங்களோட சேர்ந்து சிரிக்கிற.”

தட்டு முதலில் வந்தது, அப்புறம் அவன் வந்தான். முடியைப் பிடித்து அடுப்பங்கரை வரை இழுத்துக்கொண்டு போனான். முகத்தை அலமாரியின் விளிம்பில் மோதினான். தாடை உள்ளே எங்கோ நழுவியதுபோல இருந்தது. விழுந்தேன். விலாவில் மிதித்தான். கணப்பு அடுப்புக்கு விறகு பிளக்கும் சம்மட்டி கதவோரம் இருந்தது. அதை எடுத்து, நிதானமாக, என் இடது பாதத்தின்மேல் போட்டான். என் போனைக் கணப்பில் எறிந்தான். கார் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

இதெல்லாம் புதிதல்ல. புதிது என்னவென்றால், அவன் அழவில்லை. எப்போதும் அடித்து முடித்ததும் அழுவான். ஐஸ் பெட்டியிலிருந்து உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து வந்து என் கன்னத்தில் வைத்து, “நீ ஏன் என்னை இப்படிப் பண்ண வெக்கிறே” என்று மூக்கைச் சிந்துவான். அவன் அழுதுவிட்டால் இந்தத் தடவை முடிந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அன்று கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, கீழே கிடந்த இறைச்சியைப் பொறுக்கித் தட்டில் போட்டுச் சாப்பிட்டான். கைத்துப்பாக்கியைத் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

“நாளைக்கு ராத்திரி உன்னை ஏரிப் பக்கம் கூட்டிட்டுப் போறேன்” என்றான். “அதுக்குள்ள நீ கூப்பிட்டு யாராவது இந்த வாசல மிதிச்சா, முதல்ல அவங்க. அப்புறம் நீ.”

ராத்திரி முழுக்க எதிர்வீட்டு வெர்ன் டூடெக்கைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெர்ன் முப்பது வருஷம் கடலோரக் காவற்படையில் இருந்தவன். அவன் வேலையே எங்கள் ஏரியில் முழுகப் போகும் படகுக்காரர்களை இழுத்து வருவது. நாங்கள் மூன்று பேரும் ஒரு காலத்தில் ஒரே படகில் மீன் பிடிக்கப் போவோம். என் மீன் வறுவலுக்கு வெர்ன் அடிமை. அப்புறம் ஒரு தேர்தல் வந்தது. இரண்டு பேரும் வாசல் புல்லில் ஆளுக்கொரு வேட்பாளர் பலகையை நட்டார்கள். ராய்ஸ் குடித்துவிட்டு வண்டியை ஏற்றி வெர்னின் பலகையை நொறுக்கினான். வெர்ன் அடுத்த பலகைக்குக் கீழே ஆணியடித்த கட்டையைப் புதைத்து வைத்து ராய்ஸின் இரண்டு டயர்களைக் கிழித்தான். அதிலிருந்து பேச்சு கிடையாது. வெர்னும் விடிந்ததிலிருந்து தன் பக்கத்துச் சேனலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனாலும் அவன் வெர்ன். ஏரியில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அவனுக்கும் தெரியும். கொடியைத் தலைகீழாக ஏற்றினால் உயிருக்கு ஆபத்து, ஓடி வா என்று அர்த்தம்.

எங்கள் வாசல் படிக்கட்டை ஒட்டியே கொடிக்கம்பம். தினம் விடிந்ததும் தேசக் கொடி ஏற்றுவது என் வேலை, கப்பல் பழக்கம். ராய்ஸ் எழுந்ததும் காப்பிக்குக் கத்துவான். காப்பி இறங்கும் நேரம்தான் எனக்கு. உடைந்த காலோடு சாலையைத் தாண்டி வெர்ன் வீட்டுக்கு நொண்டிப் போவதற்குள் பின்னாலேயே குண்டு வந்துவிடும். கம்பம் வரை போகலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் போனேன். மேல் கொக்கியைக் கீழே மாட்டி, கீழ்க் கொக்கியை மேலே மாட்டி, கயிற்றை இழுத்தேன். நட்சத்திரங்கள் கீழே தொங்க, கொடி மேலே போனது. வெர்னின் சமையலறையில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் அவன் தலை தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவன் யோசித்துச் செய்கிறவன், சத்தமில்லாமல் போலீஸைக் கூப்பிடுவான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்க் காப்பி ஊற்றினேன்.

ராய்ஸ் காப்பியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கொட்டகைக்குப் போய்விட்டான். அங்கிருந்து கொடிக்கம்பம் தெரியாது.

நான் ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு காத்திருந்தேன். முதலில் ஒரு வண்டி வந்தது. ஓட்டியவன் வேகத்தைக் குறைத்தான், கொடியைப் பார்த்தான், முஷ்டியை உயர்த்தி ஹாரனை விடாமல் அடித்துவிட்டுப் போனான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வண்டிக்காரி கண்ணாடியை இறக்கி, “வெக்கமா இல்ல, தேசத் துரோகிங்களா” என்று கத்திவிட்டு ஒரு காப்பிக் கோப்பையை வீசினாள். அது படியில் விழுந்து உடைந்தது. ஒரு கிழவர் வண்டியை நிறுத்தி இறங்கி, நெஞ்சில் கைவைத்துக் கண் கலங்கி நின்றார். ஒருத்தன் போனில் படம் எடுத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீர்ப்பு வந்த மறுநாள். தீர்ப்பைத்தான் சொல்கிறோம் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நாடே ஆபத்தில் இருக்கிறது என்று ராய்ஸ் ஹகாலா கருத்துச் சொல்கிறானாம். அட பாவிகளா, நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் அதையும் கருத்தென்று எடுத்துக்கொள்வீர்களா?

ஷெரீஃப் அலுவலகத்துக்கு மூன்று பேர் போன் செய்து புகார் சொன்னார்களாம். கொடியை எப்படிக் கட்டுவதும் அவரவர் கருத்துரிமை, நாங்கள் தலையிட முடியாது என்று பதில் வந்ததாம். வெர்ன் ஜன்னலில் இல்லை. அவனுடைய டிவி வெளிச்சம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

கொட்டகையில் ராய்ஸின் குரல் திடீரென்று நின்றது. யாரோ அவனுக்குப் படத்தை அனுப்பிவிட்டார்கள். செத்தேன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆமா. நான்தான் கட்டுனேன். ஏன் கட்டுனேன்னு சொல்றேன் கேளு” என்றான்.

பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தான்.

“நீதானே?”

“கை தவறிடுச்சு” என்றேன். தாடை வீங்கிப் போய் வார்த்தை குழறியது. “ஒரு கண்ணுதான் தெரியுது. மேல எது, கீழ எதுன்னு எப்படித் தெரியும்?”

“ஒன்பதாயிரம் பேரு பாத்துட்டிருக்காங்க. ஒன்பதாயிரம். இத்தனை வருஷத்துல நீ உருப்படியாப் பண்ண ஒரே காரியம்.” குனிந்து என் உச்சியில் முத்தம் கொடுத்தான். அப்புறம் காதோடு சொன்னான். “ஆனா எதுக்குப் பண்ணேன்னு எனக்குத் தெரியும். சாயந்தரம் சனங்க வர்றாங்க. அவங்க போனப்புறம் பேசிக்கலாம். மாடிக்குப் போ. மூச்சு விட்டே, அங்கேயே முடிச்சிடுவேன்.”

மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்தபோது வெர்ன் வந்தான். தொப்பி இல்லை, செருப்போடு சாலையைக் கடந்து எங்கள் புல்லில் வந்து நின்றான். அறுபத்தெட்டு வயது, ஆனால் தோள் இன்னும் அகலம்தான். வாய் திறந்து கத்தினால் ராய்ஸ் அவனைச் சுடுவான். அதனால் உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினேன். ரத்தம் காய்ந்த முகத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்தேன். மேலே பார் வெர்ன், மேலே பார்.

“டேய் ராய்ஸ், வெளிய வா.”

ராய்ஸ் போனைச் சட்டைப்பையில் செருகி, கேமரா வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு வந்தான்.

“வந்துட்டேன். என்ன கெழவா, கண்ணு குத்துதா?”

“கொடிய எறக்கி ஒழுங்காக் கட்டு.”

“என் வீடு, என் கம்பம், என் கருத்து.”

“கருத்து மயிரு. இது கருத்து சொல்ற சாமான் இல்லடா. கப்பல் ஒடஞ்சு உயிர் போகப்போற நேரத்துல, யாராவது வாங்கன்னு கூப்பிடுறதுக்குக் கட்டுறது. இதப் பாத்துட்டு ஐஸ் தண்ணியில குதிச்சிருக்கேன்டா நான். என்கூடக் குதிச்ச ரெண்டு பேரு திரும்பி வரல. டிவியில தோத்துட்டேங்குற கடுப்புல அத வெச்சு வெளையாடுறியா நீ?”

எல்லாம் சரியாகத்தான் சொன்னான். ஒரு வார்த்தை பிசகவில்லை. மேலே மட்டும் பார்க்கவில்லை.

“அழுவாதய்யா” என்றான் ராய்ஸ். “நேத்து ராத்திரி உங்க ஆளுங்க எல்லாம் ஆடுனீங்கல்ல.” சொல்லிக்கொண்டே நெற்றியால் வெர்னின் மூக்கில் முட்டினான். எலும்பு உடையும் சத்தம் மாடிவரை கேட்டது. வெர்ன் தடுமாறினாலும் விழவில்லை. சுற்றி வந்து ராய்ஸின் வயிற்றில் ஒன்று, காதில் ஒன்று வைத்தான். ராய்ஸ் அவன் முட்டியில் பூட்ஸ் காலால் உதைத்தான். வெர்ன் மண்டியிட்டதும் முகத்தில் மறுபடி உதைத்தான். வெர்ன் நான்கு காலில் சாலை வரை தவழ்ந்து, அஞ்சல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ரத்தம் சொட்டச் சொட்டத் தன் வீட்டுக்குப் போனான். அதையெல்லாம் ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக் கைதட்டிக் கருத்துப் போட்டார்கள்.

இருட்டுவதற்குள் எங்கள் சாலை திருவிழாவாகிவிட்டது. ராய்ஸின் பக்கத்து ஆட்கள் எங்கள் புல்லில் நின்றார்கள், எல்லோர் கையிலும் தலைகீழ்க் கொடி. வெர்னின் பக்கத்து ஆட்கள் எதிரே அவன் புல்லில் நின்றார்கள், நேரான கொடி. மடக்கு நாற்காலியும் டோனட் பெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். நடுவில் சாலை. அதன் மேலாக இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் அம்மாவையும் பிள்ளையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாடியில் நான் ஒரு கணக்குப் போட்டேன். இவர்கள் கலைந்துபோனால் நான் ஏரிக்குப் போக வேண்டும். இவர்கள் இருக்கும்போது அவன் என்னைச் சுட முடியாது. இத்தனை ஜோடிக் கண்கள் இருக்கின்றன. எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, என் முகத்தைப் பார்த்தால் போதும், விளக்கமே வேண்டாம். படிக்கட்டில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன். தரை துடைக்கும் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசல் கதவைத் திறந்து விளக்குக்குக் கீழே போய் நின்றேன்.

முன்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்புறம் பின்னால் இருந்தவர்கள். கொடிப் படம் போட்ட சட்டை போட்டிருந்த ஒரு கனத்த பெண் வாயில் கையை வைத்தாள். அவள் பெயர் லூயன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“ஐயோ கடவுளே. யாரு கண்ணு இப்படிப் பண்ணது?”

நான் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். “ராய்ஸ்.”

“ராய்ஸக் கூப்பிடுறா பாவம்” என்றாள் லூயன். “ராய்ஸ், இங்க வாப்பா. உன்னைத் தேடுறா பாரு.”

“வேற யாரு பண்ணியிருப்பா?” என்றான் பக்கத்தில் இருந்த ஒருத்தன். “மத்தியானம் அந்தக் கெழவன் இந்த வாசலுக்கு வந்தான்ல? நான் வீடியோ பாத்தேனே.”

அந்த வார்த்தை கூட்டத்தின் கடைசி வரை போய்ச் சேர்வதை என் கண்ணால் பார்த்தேன். ராய்ஸ் வந்தான். என்னைப் பார்த்தான். ஒரு நொடி அவன் முகத்தில் பயம் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. அப்புறம் அவன் கூட்டத்தைப் பார்த்தான், சட்டைப்பையில் இருந்த போனைப் பார்த்தான், பயம் போய்விட்டது. என் தோளில் கைபோட்டு, உடைந்த விலாவை நான்கு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

“பாத்துக்குங்க சனங்களே. கொடி கட்டுனதுக்கு, ஒரு கருத்து சொன்னதுக்கு, என் பொண்டாட்டிய என்ன கதி பண்ணியிருக்கானுங்க பாத்துக்குங்க.”

கூட்டம் சாலையில் இறங்கியது. நான் கத்தினேன். “அவன் இல்லடா. இவன்தான்டா. இவன்தான்.” தாடை விட்டுப்போய் வெறும் உளறலாக வந்தது. லூயன் என்னை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, “பயப்படாத கண்ணு, இனிமே நாங்க இருக்கோம்ல” என்று முதுகைத் தடவினாள். வேறு வழியில்லாமல், மிச்சமிருந்த பற்களால் அவள் கையைக் கடித்தேன். அவள் விட்டாள்.

காலையில் தாண்ட முடியாத சாலையை அப்போது எப்படித் தாண்டினாய் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. சுற்றிலும் நாற்காலிகள் பறந்தன. ஒருத்தன் கொடிக் குச்சியால் இன்னொருத்தன் கண்ணில் குத்தினான். கரடி விரட்டும் மருந்தை யாரோ பீய்ச்சியதில் பாதிப் பேர் முகத்தைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டார்கள். காது கிழிந்து தொங்க ஒரு பையன் செல்லைத் தேடிக்கொண்டிருந்தான். வெர்னின் ஆட்கள் கொஞ்ச நேரம் நின்று அடித்தார்கள், அப்புறம் ஓடினார்கள். வெர்னைச் சமையலறையிலிருந்து காலைப் பிடித்து இழுத்து வந்து வாசலில் போட்டிருந்தார்கள். ராய்ஸ் எங்கள் கொட்டகையில் இருந்த பேஸ்பால் மட்டையால் அவனை அடித்துக்கொண்டிருந்தான். முதல் அடியில் கை மடங்கியது. அடுத்தது தலையில். வெர்ன் எழப் பார்த்தான். இன்னொன்று தலையில்.

நான் ஊன்றி வந்த கட்டையை ஓங்கி ராய்ஸின் பிடரியில் என் பலம் முழுக்கப் போட்டேன்.

அவன் திரும்பினான். அதுவரை மைக்கில் பேசுவதுபோல் முழங்கிக்கொண்டிருந்த குரல் சட்டென்று இறங்கியது. வீட்டுக் குரலுக்கு வந்துவிட்டான்.

“பாத்தியா? என்னை என்ன பண்ண வெக்கிறே, பாத்தியா?”

மட்டை என் தோள்பட்டையில் இறங்கியது. வெர்னின் மேலேயே விழுந்தேன். விழுந்தபிறகு எழ மனமில்லை. அவனை மூடிக்கொண்டு கிடந்தேன்.

“எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?” முதுகில் ஒன்று. “மாடியில இருன்னு சொன்னேனா இல்லையா?” இன்னொன்று. அவசரமே இல்லாமல், பழகின வேலையைச் செய்கிறவன்போல அடித்தான். அவனைச் சுற்றி ஆட்கள் நின்றதையும் சட்டைப்பையில் போன் ஓடிக்கொண்டிருந்ததையும் மறந்துவிட்டான். சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தொங்கவிட்டார்கள். யாரும் அசையவில்லை.

அசைந்தது லூயன்தான். நான் கடித்த கையில் ரத்தம் வழிய வந்து நின்றாள்.

“எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருந்தான்” என்றாள் ராய்ஸிடம். “அச்சு அசலா இதே பேச்சு.”

அவன் தாடியைப் பிடித்துச் சுழற்றிக் கீழே தள்ளி, அவன் மார்பின்மேல் முழு எடையோடு உட்கார்ந்தாள். அவன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவித் தூர எறிந்தாள். அவன் திமிறியபோது கைமுட்டியால் வாயில் குத்தினாள். போலீஸ் வண்டிகள் வரும்வரை குத்திக்கொண்டே இருந்தாள். என் இரண்டு பற்களுக்கு அவன் வாயிலிருந்து நான்கு போயின. எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

ஷெரீஃபின் ஆட்கள் இறங்கியதும் செய்த முதல் வேலை, கூட்டத்தைப் பிரித்ததுதான். இந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே, அந்தப் பக்கத்து ஆட்கள் அங்கே என்று சாலையின் இரண்டு ஓரத்துக்கும் தள்ளினார்கள். மீசை முளைக்காத ஒரு காவலர் டார்ச்சை என் முகத்தில் அடித்தார்.

“அம்மா, நீங்க இதுல எந்தப் பக்கம்?”

வெர்னின் தலை என் மடியில் இருந்தது. பின்மண்டையில் கை வைத்த இடம் மெத்தென்று உள்ளே போனது. கப்பலில் ஒருத்தன் சரக்கு அறைக்குள் விழுந்தபோது அப்படித் தொட்டிருக்கிறேன். எவ்வளவு நேரம் மிச்சம் என்று எனக்குத் தெரியும்.

வெர்ன் ஒரு கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தான்.

“கோரீன். யாரு இப்படி அடிச்சது உன்னை?”

“ராய்ஸ். நேத்து ராத்திரி.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “அப்ப கொடி?”

“நான்தான் கட்டுனேன். உனக்குத்தான் வெர்ன். ஊருக்கெல்லாம் இல்ல, உனக்கு மட்டும்தான் கட்டுனேன்.”

அவன் வாய் கோணியது. அழுகிறானா, வலியா என்று தெரியவில்லை.

“விடிஞ்சதும் பாத்தேன்” என்றான். “காப்பி கையில இருந்துச்சு. பாத்த ஒடனே கீழ வெச்சுட்டு பூட்ஸ மாட்ட ஆரம்பிச்சுட்டேன். பழக்கம். ஒரு கால்ல மாட்டியும் ஆச்சு. அப்புறம்தான் யாரு வீடுன்னு நெனப்பு வந்துச்சு. கழட்டிப் போட்டுட்டு டிவி பாக்கப் போயிட்டேன்.”

எனக்கு வந்த கோபத்தில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். “இப்பப் பாத்துட்டேல்ல, எந்திரி. எந்திரிடா வெர்ன்.” காவலர் என் கையைப் பிரித்து எடுத்தார். ஆம்புலன்ஸ் கூட்டத்துக்குள் புகுந்து வந்து சேர்வதற்குள் அவன் போய்விட்டான்.